ருஷ்யாவில் பங்குனி

ஜப்பான்காரன் தோற்றேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அம்பத்தூரில் சண்டை சூடு பிடித்தது. ஆறு வருஷமாக அரிசிக்கும் கிருஷ்ணாயிலுக்கும் வரிசையில் நின்று கால் கடுத்துப் போன ஜனங்களுக்கு, ஜெயித்தது யார் என்று உட்கார்ந்து தீர்மானிக்க இப்போதுதான் நேரம் கிடைத்தது. இங்கிலீஷ்காரனா, அமெரிக்காக்காரனா, ருஷ்யாக்காரனா, இல்லை சீனாக்காரனா? காலையில் ஆவடி போகிற வண்டியில் பேச்சு ஆரம்பிக்கும். சாயங்காலம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த வீரராகவனின் சைக்கிள் கடையில் வந்து முடியாமல் நிற்கும். லண்டனிலும் மாஸ்கோவிலும் அம்பத்தூர்த் தீர்ப்புக்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்கிற மாதிரிதான் ஒவ்வொருவரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சண்டையில் பெரிய வாய் லோகநாதனுக்கு. ஆவடி ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. முப்பத்திரண்டு வயது. காலணி ஜோடிகளையும் கம்பளிகளையும் எண்ணி எழுதுவது வேலை. பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பான், படித்ததைத் தானே கூட இருந்து பார்த்ததுபோலச் சொல்லுவான். எதிராளி சொல்ல வந்ததை அவனைவிட நன்றாக அவனுக்கே எடுத்துச் சொல்லி, பிறகு அதை உடைப்பான். அந்த வாய்க்கு ஊரில் மரியாதை உண்டு. ஆனால் யார் ஜெயித்தது என்கிற அந்த விவாதம் என்றைக்குமே முடியக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்த ஒரே ஆளும் அவன்தான். காரணம் அவனுடைய அடுத்த வீட்டில் இருந்தது.

கள்ளிக்குப்பத்தில் அவன் வீட்டுச் சுவரை ஒட்டின வீடு எல்லம்மாவுடையது. புருஷன் போய்ப் பத்து வருஷம். விடியற்காலையில் ஆப்பம் சுட்டு விற்றுப் பிழைக்கிறவள். ஒரே மகன் சம்பத். அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டது லோகநாதன்தான். துப்பாக்கி தூக்குகிற வேலையே இல்லை, பர்மா எல்லையில் ரோடு போடுகிற வேலை, மண்வெட்டி பிடித்தால் போதும், மூன்று வேளை சோறு என்று தாய்க்கும் மகனுக்கும் சேர்த்துப் பேசினான். பேசினால் யார்தான் மறுப்பார்கள்? விண்ணப்பத்தை அவனே இங்கிலீஷில் நிரப்பினான். எல்லம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் கடுதாசிகள் வந்து சேர வேண்டிய விலாசத்தில் தன் பெயரையே எழுதினான். அந்த ஒரு வரிதான் பிற்பாடு அவன் கழுத்தைப் பிடித்தது.

போன வருஷம் வைகாசியில் அந்த விலாசத்துக்கு நாலு வரியில் ஒரு கடிதம் வந்தது. சம்பத் மார்ச் மாதம் இருபத்தேழாம் தேதி, எல்லையில் ஒரு கூடார ஆஸ்பத்திரியில், காய்ச்சலால் இறந்துவிட்டான். லோகநாதன் வாசற்படியில் நின்றபடியே படித்தான். உள்ளே போய் நாள்காட்டியில் பழைய தாள்களைப் புரட்டினான். பங்குனி பதினாலு. அவன் நாளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே எல்லம்மா ஓர் உழக்கு உப்பு கேட்டு வந்துவிட்டாள். அவன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று. சம்பத் எழுதியதா, என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள்.

"நல்லா கீறானாம் சின்னம்மா," என்றான் லோகநாதன்.

அவ்வளவுதான் நடந்தது. பெரிய சதி எதுவும் இல்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் அமாவாசை, நல்ல நாளும் கிழமையுமாக வேண்டாம் என்று விட்டான். ஒரு மாதம் போனதும், ஏன் ஒரு மாதமாகச் சொல்லவில்லை என்று கேட்பாளே என்கிற பயம் வந்தது. பயந்தவன் செய்கிற காரியத்தைத்தான் அவனும் செய்தான். கிடங்கில் இருந்து பட்டாளத்துக் கடிதத் தாள்களை எடுத்துவந்து, சம்பத்தின் பெயரில் மாதம் ஒரு கடிதம் தானே எழுதி, தானே அவளுக்குப் படித்துக் காட்டினான். பர்மாவில் படைகள் நகர்ந்த செய்தியைப் பேப்பரில் பார்த்து, சம்பத்தையும் கூடவே நகர்த்தினான். செத்துப்போன பையன் ஒன்றரை வருஷமாக ஆறு தாண்டினான், மலை ஏறினான், ரங்கூனுக்குக்கூடப் போய்ச் சேர்ந்தான்.

கார்த்திகை மாதக் கடிதத்தைப் படித்தபோதுதான் அது நடந்தது. மழை விட்டுவிட்டது, ரோடு முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டே வந்தவன் வாயில் இருந்து, "பசிக்குது அம்மா, யாரும் சோறு போடலே" என்று ஒரு வரி வந்தது. லோகநாதன் தாளைப் பார்த்தான். அவன் கையெழுத்தில், அவனே எழுதிய பதினோரு வரிகளில், அப்படி ஒரு வரி இல்லை. எல்லம்மா அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். மூன்று வேளை சோறு என்று சொன்னாயே என்று கேட்டாள். சரக்கு லாரி மழையில் மாட்டிக்கொண்டது, இப்போது சரியாகிவிட்டது என்று ஏதோ சொல்லி மழுப்பினான். அன்று ராத்திரி தன் நாக்கைக் கண்ணாடியில் நீட்டிப் பார்த்துக்கொண்டதாக அவன் பெண்சாதி தாட்சாயிணி பிற்பாடு சொன்னாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவள் அப்போதே பயந்தாளாம்.

அன்றைக்குப் பிறகு எல்லம்மா ஒன்று சொல்ல ஆரம்பித்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில், அடுப்பங்கரைச் சுவருக்கும் லோகநாதன் வீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில், சம்பத் வந்து நிற்கிறான். இளைத்திருக்கிறான். ஒன்றும் கேட்பதில்லை. உள்ளே வா என்றால் வருவதில்லை. இதை அழுதுகொண்டு சொன்னாலும் தேவலை. உலை கொதிக்கிறது என்று சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னாள்.

"உசுரோட கீறவன் ஊட்டாண்ட வந்துட்டு உள்ள வராம ஏன் நிக்கிறான், லோகு?"

எல்லாம் பிரமை என்றான் லோகநாதன். சொல்லிவிட்டு வந்து, சந்துப் பக்கம் பார்த்த தன் வீட்டு ஜன்னலைச் சாத்தினான். தை மாதக் குளிரில் ஒருநாள் அதைச் சாத்தப் போனவனுக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது. பீடி குடித்துப் பழகாத பையன் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு இருமுகிற இருமல். சம்பத்துக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவனும் லோகநாதன்தான். அதற்குப் பிறகு அந்த ஜன்னல் பகலில்கூடத் திறக்கப்படவில்லை.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. சம்பத்தை மறைத்து வைக்க ஒரு யுத்தம் இல்லாமல் போய்விட்டது. வேப்பம்பட்டுக்கு ஒருவன் திரும்பி வந்தான். வானகரத்துக்கு ஒருவன் ஒரு கை இல்லாமல் வந்தான். எல்லம்மா தினமும் கேட்டாள். சண்டைதான் முடிந்ததே, என் பிள்ளையை ஏன் இன்னும் அனுப்பவில்லை, யாரைப் போய்க் கேட்க வேண்டும்? லோகநாதன் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னான். ஜெயித்தது யார் என்று நாடுகள் இன்னும் தீர்மானம் பண்ணவில்லை, அது முடிந்த பிறகு ஜெயித்தவர்கள்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றான். ஒரு மாதமாவது தாங்கும் என்று நினைத்தான். தாங்கவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது.

புரட்டாசியில் மாளய அமாவாசை வரும். போனவர்களுக்கு இலை போட்டுச் சோறு வைக்கிற நாள். எல்லம்மா ஒவ்வொரு வருஷமும் புருஷனுக்கு ஓர் இலை போடுவாள். இந்த வருஷம் அவள் லோகநாதன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டது அதைப் பற்றித்தான்.

"எலை ஒண்ணு போடுறதா, ரெண்டு போடுறதா, லோகு? உசுரோட கீற புள்ளைக்கு எலை போட்டா நானே அவன கொன்னுட்ட மாதிரி. போய்ட்ட புள்ளைக்குப் போடலன்னா, அவன் எங்க போய் துன்னுவான்? அமாவாசைக்குள்ள எனுக்கு தெரிஞ்சாவணும்."

லோகநாதன் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. ஊரையே வாயால் கட்டி இழுக்கிறவனுக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. எல்லம்மா எழுந்து, நேராக வீரராகவனின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

வீரராகவனுக்கு ஐம்பது வயசு, ஒண்டிக்கட்டை. ஊரில் எந்தப் பேச்சுக்கும் நடுவராக உட்கார அவருக்கு ஆசை. ஆப்பக்காரி எல்லம்மா வந்து, யார் ஜெயித்தார்கள் என்று எப்போது தீர்மானம் பண்ணுவீர்கள் என்று கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணும் பிள்ளையும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முடிவு என்று கடைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப்போட்டார். அமாவாசைக்கு ஒரு வாரம் இருந்தது.

லோகநாதன் அந்த எழுத்தைப் பார்த்த இடத்திலேயே நின்று கணக்குப் போட்டான். இங்கிலீஷ்காரன் ஜெயித்தான் என்று முடிவானால், எல்லம்மா மறுநாள் காலையில் ஆவடிக் கிடங்கு வாசலில் போய் நிற்பாள். யாராவது ஒருவன் பரிதாபப்பட்டு உள்ளே பட்டியலைப் புரட்டினால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வெளியாகிவிடும். அமெரிக்கா ஜெயித்தால் உஸ்மான் கனி இருக்கிறார். பூந்தமல்லியில் பட்டாளத்துக் கழிவுச் சாமான் வாங்கி விற்கிறவர், இரண்டு மூன்று அமெரிக்க ஆபீசர்களைத் தெரிந்தவர், மனசும் நல்ல மனசு. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டே போய்விடுவார். சீனாவுக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை. மிச்சம் இருப்பது ருஷ்யா. அங்கே எல்லம்மா நடந்து போக முடியாது. கேட்டு எழுத அங்கே யாரையும் யாருக்கும் தெரியாது. ருஷ்யா ஜெயித்தால், பனி உருகட்டும், கப்பல் வரட்டும் என்று இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம்.

ஆகவே இங்கிலீஷ்காரன் சோற்றைச் சாப்பிடுகிற கிடங்கு குமாஸ்தா, தான் ருஷ்யாவுக்குப் பேசப்போவதாக அறிவித்தான். வீரராகவன் வாயைப் பிளந்தார். இங்கிலாந்து சார்பில் பேச, கிடங்கு லாரியில் கிளீனராக இருந்த சின்னசாமியைப் பிடித்துப்போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். வீரராகவனின் ஏற்பாடுகள் பிரமாதம். நாலு பிஸ்கட் டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு நாட்டின் பெயர் எழுதியிருந்தார். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பால்ரஸ் குண்டு, சைக்கிள் சக்கரத்தில் இருந்து கழற்றின தேய்ந்துபோன இரும்புக் குண்டு, கொடுத்தார். பேச்சு முடிந்ததும், அவரவருக்குப் பிடித்த டப்பாவில் போட வேண்டும். கடிகாரம் அவரிடம் இல்லை. சின்ன ஓட்டை விழுந்த டியூபில் காற்று அடித்து மேசைமேல் வைத்தார். அது முழுசாகத் தொய்ந்து படுக்கிறவரை ஒருவர் பேசலாம். எல்லம்மா முன்வரிசையில், பெண்கள் பக்கம், கையில் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் அவள் ஒருத்திதான் கோர்ட்டுக்கு வந்ததுபோல வந்திருந்தாள்.

சின்னசாமி முதலில் எழுந்தான். பிரான்ஸ்காரன் விழுந்த பிறகு ஒரு வருஷம் இங்கிலீஷ்காரன் தன்னந்தனியாக நின்றானே, அன்றைக்கு அவனும் போய்விட்டிருந்தால் மற்றவர்கள் வருவதற்கு இடம் எங்கே இருந்தது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் பாதி டியூப் மிச்சம் இருக்கும்போதே அவனுக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. மிச்சக் காற்று போகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

உஸ்மான் கனி சிரித்துக்கொண்டே எழுந்தார். லாரி யாருடையது, பெட்ரோல் யாருடையது, டப்பாவில் அடைத்த கறி யாருடையது என்று கேட்டுக்கொண்டே போனார். ருஷ்யாக்காரன் காலில் போட்டிருந்த பூட்ஸே அமெரிக்காவில் தைத்தது என்றார். கடைசியில் ஜப்பான்மேல் போட்ட அந்தக் குண்டைப் பற்றிச் சொல்ல வந்தபோது மட்டும் அவர் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரே குண்டில் ஓர் ஊர், அதை ஜெயித்தது என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது, ஆனால் சண்டை நின்றது அதனால்தானே என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

லோகநாதன் எழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வீரராகவன் டியூபுக்குப் பம்பில் இரண்டு அடி கூடுதலாகவே காற்று அடித்தார்.

லோகநாதன் எல்லம்மாவைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தான். சின்னசாமி சொன்னதையும் உஸ்மான் கனி சொன்னதையும் அவர்களைவிட அழகாகச் சொல்லி, கைதட்டல் வாங்கினான். தனியாக நின்றது பெருமைதான், சாமான் கொடுத்தது பெரிய உதவிதான் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எவன் எவ்வளவு கொடுத்தான் என்று பார்க்காதீர்கள். கொடுத்த பிறகு அவன் வீட்டில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று பாருங்கள். இருந்ததை எல்லாம் கொடுத்தவன் எவனோ, அவன்தான் ஜெயித்தவன்."

கூட்டம் அசந்துபோயிற்று. அது நல்ல வாதம் என்று அவனுக்கே தெரிந்தது. ருஷ்யாவில் எரிந்துபோன ஊர்களைப் பேப்பரில் படித்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னான். முற்றுகைக்குள் ரொட்டித் துண்டுக்கு வரிசையில் நின்றே செத்தவர்களைச் சொன்னான். ஒரு ஆளாவது போகாத வீடே அங்கே கிடையாது என்றான். சொல்லிக்கொண்டே தலையை நிமிர்த்தியபோது, கூட்டத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் காக்கி அரை நிஜார் போட்ட ஒருவன் தனியாக நிற்பது தெரிந்தது. இளைத்த உடம்பு. முகத்தில் இலை நிழல் விழுந்திருந்தது. ஆவடியில் அப்படி நிஜார் போட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று லோகநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டியூபில் காற்று மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. அவன் வாய் நிற்கவில்லை.

"அந்த ஊரில் ஒரு தாய். அவளுக்கு ஒரே மகன். அவன் துப்பாக்கி பிடிக்கவில்லை, ரோடு போட்டான். மழையில் நனைந்து காய்ச்சல் வந்து, பங்குனி மாதத்தில் ஒரு கூடாரத்தில் கிடந்து செத்தான். அவன் பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்க ஆள் இல்லை. அவன் நாடு ஜெயித்தது என்பதுகூட அவனுக்குத் தெரியாது."

உஸ்மான் கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ருஷ்யாவுல ஏது அண்ணாத்தே பங்குனி? அங்க வருசம் பூரா மார்கழிதானே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீரராகவன்கூட நடுவர் என்பதை மறந்து தொடையைத் தட்டிச் சிரித்தார். லோகநாதனும் சிரிக்கப் பார்த்தான், உதடு வரவில்லை. பங்குனி என்று சொன்னதே அவனுக்கு மற்றவர்கள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. கார்த்திகை மாதம் கடிதம் படித்தபோது வாய் தன்னை விட்டு எப்படிப் போயிற்றோ, இப்போதும் அப்படித்தான் போயிருந்தது. புளியமரத்தடியைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. எல்லம்மா சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டியூப் படுத்துவிட்டது. குண்டு போடலாம் என்று வீரராகவன் சொன்னதும் ஆண்கள் வரிசையாக வந்தார்கள். ருஷ்யா டப்பாவில் சடசடவென்று விழுந்தது. அமெரிக்கா டப்பாவிலும் மோசமில்லை. பேச ஆளில்லாத சீனா டப்பாவில் யாரோ பாவம் பார்த்து ஒன்று போட்டார்கள். கடைசியாக எல்லம்மா எழுந்து மேசைக்கு வந்தாள். எந்த டப்பா எந்த நாடு என்று அவளுக்குப் படிக்கத் தெரியாதே என்று வீரராகவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். அவள் நாலையும் பார்த்தாள். குண்டு கையிலேயே இருந்தது.

"ஊட்ல இருந்தத பூரா குடுத்தவங்கதான் ஜெயிச்சவங்கன்னு சொன்னியே, லோகு. என் ஊட்ல இருந்தது ஒண்ணு. மிச்சம் ஒண்ணும் இல்ல. எனுக்கு ஒரு டப்பா எங்க வெச்சுகீறாங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவே கேட்காது. ஆனாலும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். வீரராகவன், என்னம்மா இது, உன் பிள்ளைதான் ரங்கூனில் நன்றாக இருக்கிறானே, மாதா மாதம் கடிதம் போடுகிறானே என்று ஆரம்பித்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பங்குனியில எந்த நாளு?"

லோகநாதன் வாயைத் திறந்தான். எத்தனையோ சொல்லியிருக்கலாம். ஒரு கதைக்காகச் சொன்னேன் சின்னம்மா என்று சொல்லியிருக்கலாம், பேப்பரில் படித்தது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றரை வருஷமாக ஊற்று மாதிரி பொய் வந்த வாய்தான் அது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் களைப்பாக இருந்தது.

"பதினாலு," என்றான். "போன வருஷம்."

எல்லம்மா விரல்களை மடக்கி எண்ணினாள். சித்திரை, வைகாசி, ஆனி என்று உதடு அசைந்தது. ஒரு சுற்று முடிந்து மறுபடி சித்திரைக்கு வந்து, புரட்டாசியில் நின்றது. பதினெட்டு மாதம். அத்தனை மாதமாகத் தன் பிள்ளை இலை இல்லாமல் சந்தில் நின்றதை அவள் எண்ணுகிறாள் என்பது லோகநாதனுக்கு மட்டும்தான் புரிந்தது. அவள் அவனை அடிக்கவில்லை, சபிக்கவில்லை. தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கள்ளிக்குப்பம் பக்கம் நடந்தாள். உஸ்மான் கனி எழுந்து நின்றார். தான் சிரித்ததை நினைத்து அந்த மனுஷர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். டப்பாக்களில் விழுந்த குண்டுகளை அன்றைக்கு யாரும் எண்ணவில்லை.

லோகநாதன் அவளுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி நடந்தான். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து ஒப்பாரி கேட்டது. அவள் ஒருத்தியாகவே அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடினார்கள், தாட்சாயிணியும் ஓடினாள். லோகநாதன் தன் வீட்டில், சாத்தின ஜன்னலுக்கு இந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அழுகை நிற்கட்டும் என்றும் நினைத்தான், நிற்கக் கூடாது என்றும் நினைத்தான். நின்றால் எழுந்து போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஐந்து நாள் அவள் அவனோடு பேசவில்லை. ஆப்பம் சுடவில்லை. வண்டியில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சின்னசாமி மட்டும் ஒருநாள் ஆவடி வரை பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். யார் ஜெயித்தது என்கிற பேச்சை அதற்குப் பிறகு அந்த வண்டியில் யாரும் எடுக்கவில்லை.

அமாவாசைக்கு முதல்நாள் சாயங்காலம் எல்லம்மா அவன் வாசலில் வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. உடம்பு இல்லாத சாவு, வைக்கோலில் பொம்மை கட்டித்தான் கொளுத்த வேண்டுமாம், பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றாள். கட்டிவிட்டேன் என்றாள். காலையில் ஏரிக்கரைக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டு அவன் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். தூக்க ஆள் போதவில்லை, அதற்காகக் கூப்பிடுகிறாள் என்றுதான் லோகநாதன் நினைத்துக்கொண்டான். அந்த அளவுக்காவது கூப்பிட்டாளே என்று அவனுக்கு அழுகை வந்தது.

காலையில் ஏரிக்கரையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். உஸ்மான் கனி பூந்தமல்லியில் இருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி வந்து, கொஞ்சம் தள்ளி நின்றார். வைக்கோல் பொம்மை ஒரு ஆள் நீளம் இருந்தது. அதற்கு வேட்டி கட்டியிருந்தாள். முகம் வைக்கவில்லை. லோகநாதன் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். கூட்டத்தின் ஓரத்தில், தூக்குகிறவர்களோடு போய் நின்றான்.

முடி எடுக்க நாகப்பன் வந்திருந்தார். திருமுல்லைவாயில்காரர். நடந்த கதை எதுவும் அவருக்குத் தெரியாது. தகரப் பெட்டியைத் திறந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே, கொள்ளி வைக்கிறது யாரு, வந்து குந்துங்க என்றார். யாரும் நகரவில்லை. எல்லம்மா லோகநாதனைப் பார்த்து, தண்ணீர் ஓரமாக இருந்த கல்லைக் கையால் காட்டினாள். அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் போய் உட்கார்ந்தான்.

முறை தெரியாமல் நாகப்பன் கத்தி வைக்க மாட்டார். பங்காளி என்றால் மீசை மட்டும், பிள்ளை என்றால் மொட்டை, ஒன்றுக்கு ஒன்று மாறினால் பாவம் தனக்குத்தான் என்பது அவர் கட்சி.

"செத்தவரு ஊட்டுக்கு இவரு இன்னா மொறை?" என்று கேட்டார்.

லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லம்மா இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"ஒண்ணரை வருசமா எனுக்கு லெட்டர் போட்டுகினு இருந்த புள்ள," என்றாள். "மொட்டையே அடிங்க."

நாகப்பன் வேறு எதுவும் கேட்கவில்லை. குனிந்திருந்த தலையில் ஏரித் தண்ணீரை அள்ளி ஊற்றி, உச்சியில் கத்தியை வைத்தார்.